காலியாக விட்ட பன்னிரண்டாம் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். அப்பா நல்லா இருக்கார், அந்த முட்டிவலியைத் தவிர. அடுத்த வரியில நானும் நல்லா இருக்கேன்னு எழுதுறதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அதை எழுத வரல, அதனாலதான் இது போன்ல வராம காகிதத்துல வருது. போன்ல எப்படிம்மா இருக்கேன்னு நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள என் வாய் என்னைக் கேக்காமலே நல்லா இருக்கேன்னு சொல்லிடுது, அப்புறம் அதைத் திருப்பி எடுக்க எனக்குத் துணிச்சல் வர்றதில்ல. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், உடனே உயிருக்கு ஆபத்துன்னு எந்த டாக்டரும் சொல்லல. ஆனா அம்மா பயந்துபோய் இருக்கேன், அதை மறைச்சு எழுதினா இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்ல. பாதியில நிறுத்திட்டு போனைத் தூக்காதே, கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் கூப்பிடு.

மூணு மாசத்துக்கு முன்னாடி, குழந்தைங்களைப் பாத்துக்க அனுமதி கொடுக்கிற ஆபீஸ்ல இருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா, நீ கூட அம்மாவுக்கும் பரீட்சை வந்துடுச்சான்னு சிரிச்சே. அதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். வீட்டுல வச்சு அடுத்தவங்க குழந்தையைப் பாத்துக்கிறவங்க எல்லாரும் இனிமே விதிமுறைகளை எழுத்துல வச்சிருக்கணுமாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க, மருந்து யார் சொன்னா கொடுப்பீங்க, யார் வந்தா குழந்தையை அனுப்புவீங்க, தூங்க வைக்கிறது எப்படி, அடம் பிடிச்சா எப்படித் திருத்துவீங்க, தீப்பிடிச்சா எந்த வழியா வெளியே போவீங்க, இப்படிப் பதினாலு தலைப்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம், பெத்தவங்க படிச்சுக் கையெழுத்துப் போடணும், அதுக்கப்புறம் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து வீட்டைப் பாப்பாங்க. எனக்கு வந்த கோபத்தைக் கேக்கணுமே. பதினோரு வருஷமா நாலும் அஞ்சுமாக் குழந்தைகளை இந்த வீட்டுல வளர்த்து ஸ்கூலுக்கு அனுப்பியிருக்கேன், எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு, இதுல எழுதுறதுக்கு என்ன இருக்குன்னு குதிச்சேன். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே, தலைக்குள்ள இருக்கிறதை அவங்க வந்து எட்டிப் பாக்க முடியாதுல்ல, அதான் கேக்கறாங்கன்னு சொன்னார். இப்ப நினைச்சா அந்த வார்த்தை முள்ளாக் குத்துது. அன்னைக்கு அவர் முதுகுல ஒண்ணு வச்சேன்.

அதுக்காக ஒரு கூட்டமும் போட்டாங்க. என்னை மாதிரி ஒரு பதினஞ்சு இருபது பொம்பளைங்க, எல்லாரும் வரிசையா உக்காந்து புலம்பிக்கிட்டு இருந்தோம். ஒருத்தி யாரோ எழுதினதை அப்படியே நகல் எடுத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தா. ஆபீஸ்ல இருந்து வந்த பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், ஒல்லியா, குரல் மட்டும் கணீர்னு, அதை வாங்கிப் பாத்துட்டு, இதுல மாடிப்படி கேட்டைப் பூட்டுவேன்னு எழுதியிருக்கு, இங்க எத்தனை பேர் வீட்டுல மாடிப்படி இருக்குன்னு கேட்டா. மூணு பேர் கை தூக்கினாங்க. அப்ப மத்தவங்க உங்க வீட்டுல என்ன இருக்கோ அதை எழுதுங்க, உங்க வீட்டுல எது நடக்கும்னு உங்களுக்குப் பயமோ அதை எழுதுங்கன்னா. எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சுப்போச்சு. நகலை வாங்காம வந்துட்டேன்.

அப்புறம் தினமும் சாயங்காலம் குழந்தைங்க போனதும் சாப்பாட்டு மேசையில உக்காந்து ஒவ்வொரு பக்கமா எழுத ஆரம்பிச்சேன். அப்ப என்கிட்ட நாலு பேரு. ஸ்கூல் டீச்சரம்மாவோட பத்து மாசப் பையன், தலையணையில சாஞ்சு உக்காந்து எல்லாரையும் அதிகாரமாப் பாப்பான், அதனால அவன் பேரு துரை. மருந்துக்கடையில வேலை பாக்கிற பொண்ணோட ரெட்டைப் பசங்க, ரெண்டு வயசு, ஒருத்தன் எப்பவும் என் வலப்பக்கம், இன்னொருத்தன் இடப்பக்கம்தான் உக்காருவான், மாறி உக்கார வச்சா வீடு ரெண்டாயிடும், அவங்க பேரே வலது, இடதுன்னு ஆயிடுச்சு. நாலாவது நம்ம தெருமுனைப் பூட்டுக்கடைக்காரரோட பொண்ணு, மூணரை வயசு, எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கும், அது ஏன்பாப்பா. இவங்களை நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு தலைப்பா எழுத எழுத என்ன ஆச்சு தெரியுமா, நான் இதுவரைக்கும் நினைச்சே பாக்காத பயமெல்லாம் வரிசை கட்டி வந்து நின்னுச்சு. மருந்துப் பக்கம் எழுதும்போதுதான், ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையனுக்கு அவன் அம்மா வீட்டுலயே காய்ச்சல் மருந்து கொடுத்துட்டு வந்தது தெரியாம நானும் ஸ்பூன்ல ஊத்திக் கையில எடுத்தது ஞாபகம் வந்துச்சு. அவன் தும்மினான், மருந்து கீழ கொட்டிடுச்சு, அதுக்குள்ள அவ போன் பண்ணிட்டா. ஒரு தும்மல்தான் அன்னைக்குக் காப்பாத்தினது. அந்தப் பக்கத்துல, கடைசியா எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தாங்கன்னு எழுத்துல இல்லாம ஒரு சொட்டு கூடக் கொடுக்க மாட்டேன்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டேன். தூக்கத்தைப் பத்தி எழுதும்போது மல்லாக்கப் படுக்க வைக்கணும், போர்வை இடுப்புக்கு மேல வரக்கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சைப் பாக்கணும்னு எழுதிட்டு, மறுநாள் துரை தூங்கும்போது அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாத்தேன். அவன் முழிச்சுக்கிட்டு என்ன வேணும்ங்கிற மாதிரி முறைச்சான்.

பன்னிரண்டாவது தலைப்பு, குழந்தைகளைப் பாத்துக்கிறவருக்கே திடீர்னு முடியாமப் போனா என்ன ஏற்பாடு. அதை மட்டும் காலியா விட்டுட்டேன். அப்புறம் எழுதலாம், அப்புறம் எழுதலாம்னு பதிமூணு, பதினாலு எல்லாம் எழுதி முடிச்சாச்சு, அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு. சோம்பல்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். சோம்பல் இல்லம்மா. அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை எனக்கு ஒரு மாதிரி ஆகியிருந்துச்சு. முதல் தடவை துணி காயப்போடும்போது. ஈரத் துண்டு கையில இருக்கு, தண்ணி சொட்டிச் சொட்டிக் கால் பூரா நனைஞ்சிருக்கு, எவ்வளவு நேரமா அப்படி நிக்கிறேன்னு எனக்கே தெரியல. உன்னை நினைச்சுக்கிட்டு நின்னுட்டேன் போலன்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை உனக்கே தெரியும், ஆனா தெரியாது. போன மாசம் நீ குட்டிப்பயலுக்குப் பல் முளைக்கிறதைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தே, அம்மா, அம்மா, லைன்ல இருக்கியான்னு கத்தினே, நான் சிக்னல் சரியில்லன்னு சொன்னேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் இல்ல.

மூணாவது தடவை நடந்ததைத்தான் இனிமே சொல்லப்போறேன். இதை எழுத உக்காந்து மூணு தடவை எழுந்து போய்ட்டேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில பதினோரு மணி இருக்கும். ரெட்டையர் ரெண்டு பேரும் கட்டைகளை அடுக்கிக்கிட்டு இருந்தாங்க, ஏன்பாப்பா படம் வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. துரையை இடுப்புல வச்சுக்கிட்டு அடுப்படித் தொட்டியில அவன் பால் பாட்டிலைக் கழுவுறதுக்குக் குழாயைத் திறந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து எனக்குத் தெரிஞ்சது, தொட்டி நிறைஞ்சு தண்ணி வழிஞ்சு என் வயித்தை நனைக்குது, பாட்டில் தண்ணியில மிதக்குது, இடுப்புல குழந்தை இல்ல. நீ ஒரு தாய், உனக்கு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல. இடுப்பைத் தொட்டுப் பாக்கறேன், இல்ல. முதல்ல தொட்டித் தண்ணிக்குள்ளதான் கையை விட்டேன் கண்ணு, ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். அந்த ஒரு நொடியை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். அப்புறம் தரையைப் பாத்தேன், அடுப்பைப் பாத்தேன், அலமாரிக்குப் பக்கத்துல பாத்தேன். ஓடிப்போய்ப் பாத்தா அவன் தொட்டில்கட்டில்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டுக் கால் கட்டைவிரலை வாயில வச்சுச் சப்பிக்கிட்டு இருக்கான், பக்கத் தடுப்பு கூட ஒழுங்கா ஏத்தி மாட்டியிருக்கு. நான்தான் கொண்டுபோய்ப் படுக்க வச்சிருக்கணும், வேற யாரும் வீட்டுல இல்ல. பதினோரு வருஷப் பழக்கத்துல கை தானாப் போய்ப் படுக்க வச்சிருக்கு. ஆனா நான் அங்க இல்ல. கை அன்னைக்கு சரியாச் செஞ்சது. வேற மாதிரி செஞ்சிருந்தா? அவனைத் தூக்கி வச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டேன். ஏன்பாப்பா வந்து என் முன்னால நின்னு, அத்தை, ஏன் என்னைப் பாத்துக்கிட்டே பாக்காம இருந்தீங்கன்னு கேட்டுச்சு. அத்தை ஏதோ யோசனையில இருந்துட்டேன் தங்கம்னு சொன்னேன். யோசிக்கும்போது ஏன் வாயை மென்னீங்கன்னு கேட்டுச்சு.

இப்ப நீ கேப்பே, அன்னைக்கே ஏன் சொல்லலன்னு. அப்பாகிட்ட சொல்லல, உன்கிட்ட சொல்லல, அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்டயும் சொல்லல. மறுநாள் காலையில வழக்கம்போலக் கதவைத் திறந்து நாலு பேரையும் வாங்கிக்கிட்டேன். துரையை மட்டும் தூக்கல, தரையில பாயைப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன், அடுப்பைப் பத்தவே வைக்கல, குழாய்கிட்டப் போகல. அதுவே போதும்னு எனக்கு நானே தாஜா பண்ணிக்கிட்டேன். என்ன பயம்னு கேட்டா, சொன்னா வேலை போயிடும்ங்கிறது ஒண்ணு. அது கூடப் பரவாயில்ல. சொன்னா அது நிஜமாயிடும்ங்கிறதுதான் பெரிய பயம். ஆபீஸ்ல இருந்து அடுத்த வாரம் வியாழக்கிழமை வர்றோம்னு போன் வந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் உக்காந்து பன்னிரண்டாம் பக்கத்தை எழுதினேன். நான் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறேன், எனக்கு உடல்நலம் குன்றினால் உடனடியாகப் பெற்றோருக்குத் தொலைபேசியில் தெரிவித்துக் குழந்தைகளைப் பாதுகாப்பாக ஒப்படைப்பேன்னு. பதினாலு பக்கத்துலயும் நல்ல தமிழ்ல, அழகான கையெழுத்துல எழுதினது அந்தப் பக்கம்தான். பொய்யைத்தான் அவ்வளவு அழகா எழுத வருது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் குழந்தைங்க தூங்கினதுக்கு அப்புறம் வந்தா, கூட்டத்துல பேசின அதே பொண்ணு. செருப்பைக் கழட்டிட்டுச் சத்தம் போடாம ஒவ்வொரு அறையாப் பாத்தா. ப்ளக் ஓட்டைக்கெல்லாம் மூடி போட்டிருக்கேனா, தரை துடைக்கிற மருந்து எட்டாத உயரத்துல இருக்கா, ஜன்னல் கம்பி இடைவெளி எவ்வளவுன்னு ஒண்ணு கூட விடல. துரைகிட்டக் குனிஞ்சு அவன் போர்வையைப் பாத்துட்டு, எழுதினபடியே இருக்குன்னு சிரிச்சா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் மேசையில உக்காந்து ஒவ்வொரு பக்கமாப் படிச்சுட்டு வந்தவ பன்னிரண்டுல நின்னா. பேனா நுனியால அந்த வரியைத் தொட்டு, உங்களுக்கு முடியலன்னா நீங்களே போன் பண்ணுவேன்னு எழுதியிருக்கீங்க, நீங்க தரையில விழுந்து கிடந்தா போன் பண்றது யாருன்னு கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா, எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்வியாத்தான் இருக்கும். நான் மேசைத் துணியோட ஓரத்தை இழுத்து நேராக்கிக்கிட்டு இருந்தேன். அவ நான் யோசிக்கிறேன்னு நினைச்சு, பரவாயில்ல, பக்கத்துல ஒரு ஆளை ஏற்பாடு பண்ணி ஒரு வாரத்துல எழுதி அனுப்புங்க, மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் காகிதத்தைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு எழுந்துட்டா. அவ்வளவுதான், தப்பிச்சேன். வாசல்ல குனிஞ்சு ஒரு செருப்பையும் மாட்டிட்டா. அப்பத்தான் உள்ள துரை தூக்கத்துல ஒரு சத்தம் போட்டான், அழுகை கூட இல்ல, சும்மா ஒரு சத்தம். என் கை ரெண்டும் முழங்கை வரைக்கும் ஜில்லுன்னு ஆயிடுச்சு, தண்ணிக்குள்ள விட்ட மாதிரியே. அம்மா, கொஞ்சம் உள்ள வாங்கன்னு அவளைக் கூப்பிட்டேன். மகள் வயசுப் பொண்ணை அம்மான்னு கூப்பிட்டேன் பாரு.

உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். துண்டு, போன், குழாய், தொட்டில், எதையும் விடல. அவ பேனாவை மூடி வச்சுட்டுக் கேட்டா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இதைச் சொன்னதுக்கு நன்றி, ஆனா இந்த நிமிஷத்துல இருந்து நீங்க இந்தக் குழந்தைங்களோட தனியா இருக்கக் கூடாது, பெத்தவங்களை இப்பவே கூப்பிடணும், எல்லாரும் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்னு சொன்னா. பாவம், அவளுக்கு இன்னும் ரெண்டு வீடு போக வேண்டியிருந்துச்சு, போன்ல சொல்லிட்டு உக்காந்துட்டா. நானே ஒவ்வொருத்தரையா போன்ல கூப்பிட்டேன். டீச்சரம்மா ஓடிவந்து துரையை அள்ளிக்கிட்டா, என்னைத் திட்டவே இல்ல, என்னைப் பாக்காமலே அவன் கை கால் விரலை எல்லாம் எண்ணிக்கிட்டு இருந்தா. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம். மருந்துக்கடைப் பொண்ணு அழுதா, எனக்காக அழுதாளா பயத்துல அழுதாளான்னு தெரியல, ரெண்டும் இருக்கும். பூட்டுக்கடைக்காரர்தான் வெடிச்சுட்டார். என்னைக்கு நடந்ததுன்னு கேட்டார், போன வாரம் செவ்வாய்க்கிழமைன்னேன், அப்ப ஒன்பது நாளா தெரிஞ்சே என் பிள்ளையை வாங்கி வச்சுக்கிட்டு இருந்தீங்களான்னு கேட்டார். சனி ஞாயிறு போக ஏழு நாள்தான்னு என் வாயில வந்துச்சு, நல்ல வேளை முழுங்கிட்டேன். அவர் கேட்டதுல ஒரு எழுத்து கூடத் தப்பில்ல. பாப்பா அவர் தோள்ல இருந்துக்கிட்டு, ஏன் சீக்கிரம் போறோம், ஏன் அத்தை அழுறாங்கன்னு கேட்டுக்கிட்டே போச்சு. தெருமுனை வரைக்கும் அந்தக் குரல் கேட்டுச்சு.

அப்பா டெப்போ வேலை முடிஞ்சு வர நாலரை ஆயிடுச்சு. வாசல்ல குட்டிச் செருப்பு ஒண்ணு கூட இல்லாததைப் பாத்துட்டே, யாருக்கு என்ன ஆச்சுன்னுதான் கேட்டுக்கிட்டு உள்ள வந்தார். எனக்குத்தான்னு சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னார், அப்புறம் ஏன்பாப்பா உக்கார்ற அந்த மஞ்சள் நாற்காலியில, ஒரு முழ உயரம் கூட இல்ல, அதுல போய் உக்காந்துட்டார். நானும் ரெண்டு தடவை பாத்தேன்டி, சாப்பிடும்போது அப்படியே என்னை முறைச்சுக்கிட்டு இருந்தே, ஏதோ கோபத்துல இருக்கே, வாயைக் கொடுத்தா வம்புன்னு பேசாம எழுந்து போயிட்டேன்னார். முப்பத்தி நாலு வருஷமா முறைச்சதுல எது கோபம் எது நோவுன்னு அவருக்குப் பிரிக்கத் தெரியாமப் போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவர் அழுதுட்டார். நாற்காலியை விட்டு எழுந்திரிக்க முட்டி ஒத்துழைக்கல, நான்தான் தூக்கி விட்டேன்.

மறுநாள் டாக்டர்கிட்டப் போனோம். இது வலிப்புல ஒரு வகையாம். கை கால் வெட்டாது, நுரை தள்ளாது, கண்ணு திறந்தே இருக்கும், ஆள் மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் எங்கயோ போயிட்டு வருவாங்களாம், அப்ப வாயை மெல்றது, கை ஏதாவது பண்றதெல்லாம் நடக்குமாம். மூணரை வயசுக் குழந்தை கேட்டதை அப்படியே டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் அதையே எழுதிக்கிட்டார். தலையை ஒரு மிஷினுக்குள்ள விட்டுப் படம் எடுத்தாங்க. ஒரு சின்ன இடம் வேற மாதிரி தெரியுதாம், பெரும்பாலும் பழைய தழும்பாத்தான் இருக்கும், எதுக்கும் ஊசி போட்டு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம்னு சொன்னார். வர்ற வெள்ளிக்கிழமை அது. அந்தப் பெரும்பாலும்ங்கிற வார்த்தையை வச்சுக்கிட்டுத்தான் நான் இப்ப நாளைத் தள்றேன். காலையில முழிச்சதும் அதுதான், பல் தேய்க்கும்போது அதுதான். பேசிக்கிட்டே இருக்கும்போது நடுவுல ஒரு வார்த்தை வர லேட்டானா வந்துடுச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. கடிகாரத்தைப் பாத்து, அப்புறம் திரும்பப் பாத்து, நடுவுல இருந்த நிமிஷமெல்லாம் என்கிட்ட இருக்கான்னு சரி பாத்துக்கிறேன். மாத்திரை ஆரம்பிச்சு பதினோரு நாள் ஆகுது, அதுக்கப்புறம் ஒரு தடவையும் வரல, எனக்குத் தெரிஞ்சு வரல. அப்பாவும் வரலன்னுதான் சொல்றார், ஆனா அவர் சாட்சியம் எப்படின்னு உனக்கே இப்பத் தெரியுமே.

தனியா அடுப்பு கிட்ட நிக்கக் கூடாது, நாற்காலி மேல ஏறக் கூடாது, குளியலறைத் தாழ்ப்பாள் போடக் கூடாதுன்னு ஒரு பட்டியல் கொடுத்திருக்காங்க. அப்பா நான் குளிக்கப் போனா வெளிய நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இருமுறார், நான் பதிலுக்கு இருமணுமாம். போன சனிக்கிழமை காலையில கதவு தட்டுற சத்தம். பூட்டுக்கடைக்காரர், கையில கருவிப் பெட்டியோட. உள்ள வாங்கன்னேன், வந்தார். முகத்தைப் பாக்கல. மேல்வீட்டுத் தையல்காரம்மா விஷயத்தைச் சொன்னாங்க, அந்தத் தாழ்ப்பாளைக் காட்டுங்கன்னார். பழசைக் கழட்டிட்டு, உள்ள இருந்து மூடினாலும் வெளியில ஒரு நாணயத்தை வச்சுத் திருப்பினா திறக்கிற மாதிரி ஒண்ணை மாட்டினார். மூணு தடவை என்னை உள்ள அனுப்பி மூடச் சொல்லி வெளிய இருந்து திறந்து பாத்தார். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். எனக்குக் கோபம் இன்னும் போகலம்மா, எப்பப் போகும்னும் தெரியல, ஆனா இந்தத் தாழ்ப்பாள் இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னார். பெட்டியை மூடிக்கிட்டுப் போயிட்டார், தண்ணி கூடக் குடிக்கல.

ஆபீஸ்ல இருந்தும் கடிதம் வந்துடுச்சு. அனுமதியை ரத்து பண்ணல, நிறுத்தி வச்சிருக்காங்க. ஆறு மாசம் ஒண்ணும் வராம இருந்து, டாக்டர் எழுத்துல கொடுத்து, வீட்டுல எந்நேரமும் இன்னொரு பெரியவர் இருக்கிறதா ஏற்பாடு இருந்தா மறுபடி பாக்கலாம்னு. தையல்காரம்மா மிஷினைக் கீழ கொண்டுவந்து போட்டுக்கிறேன், உன் கூட இருந்த மாதிரியும் ஆச்சுன்னு சொல்லியிருக்காங்க. நடக்குதோ இல்லையோ, அந்தப் பன்னிரண்டாம் பக்கத்தை மறுபடி எழுதி வச்சுட்டேன். இந்தத் தடவை பேச்சுத் தமிழ்லதான் எழுதியிருக்கேன், அடிச்சு அடிச்சு, அசிங்கமா இருக்கு. நான் கண்ணைத் திறந்துக்கிட்டே பதில் சொல்லலன்னா யார் வரணும், அவங்க முதல்ல எந்தக் குழந்தைகிட்டப் போகணும்னு இருக்கு.

உனக்கும் ஒண்ணு சொல்றேன். குட்டிப்பயலைப் பாத்துக்கிற அந்த அம்மா ரொம்ப நல்லவங்கன்னு நீ எப்பவும் சொல்றே. நல்லவங்களாத்தான் இருப்பாங்க, நானும் நல்லவதான். உங்களுக்கு ஏதாவது ஆனா என்ன ஏற்பாடுன்னு நாளைக்கே கேளு. எழுத்துல இருக்கான்னு கேளு, மூஞ்சியைச் சுளிச்சாலும் பரவாயில்ல. மருந்து கொடுக்கிற நேரத்தை எழுதிக் கையில கொடு. அப்புறம், வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு ஓடி வராதே, ரிசல்ட் வரட்டும், அப்பா உடனே கூப்பிடுவார். ராத்திரி சரியாச் சாப்பிடு, தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட படுக்காதே. மாப்பிள்ளைகிட்ட பக்குவமாச் சொல்லு, அவர் அம்மாவுக்கு இப்போதைக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

மூணு பேரும் தீர்க்காயுசா, நோய்நொடி இல்லாம, ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கணும். என் ஆசீர்வாதம் எப்பவும் உன் தலை மேல இருக்கும். கடைசியா ஒரு விஷயம், இதை அம்மா கெஞ்சிக் கேக்கறதா வச்சுக்கோ. அடுத்த வருஷம் உங்க வீட்டுக்கு வந்து மூணு மாசம் குட்டிப்பயலைப் பாத்துக்கிறேன்னு சொல்லியிருந்தேனே, வருவேன், கண்டிப்பா வருவேன். ஆனா அவனை என்கிட்டத் தனியா விட்டுட்டு எங்கயும் போகாதே. பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வர்ற நேரம் கூட வேண்டாம். நான் நல்லா இருக்கேன், நீ போயிட்டு வான்னு சொல்லுவேன், சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன், கோவிச்சுக்கிட்டுக் கூடச் சொல்லுவேன். நம்பாதே. அம்மாதானேன்னு இரக்கப்படாதே. டாக்டர் சரின்னு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் விட மாட்டேன்னு ஒரு தாள்ல எழுதி, நீயும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. நான் பெட்டியில வச்சுக்கிட்டுத்தான் கிளம்புவேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா